உடைப்பதற்கு முன் யார் சொல்வது?

வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டினால் சந்தவாசல். மேற்கே ஜவ்வாதுமலை. படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். ஆடி வெள்ளி என்றால் கூட்ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் தலையை நிமிர்த்திப் பார்க்க யாருக்கும் தோன்றாது. பார்த்தால் சாலையோரம் நெடுக ஒரே சாம்பல் நிறம்தான் தெரியும். டீக்கடை, பங்க்சர் கடை, மாட்டுக் கொட்டகை, தளம் போட்ட வீட்டின் மாடியில் பிறகு சேர்த்த அறை என்று எல்லாவற்றின் மேலும் வளைவு வளைவான ஷீட். மலையேறி ஜமுனாமரத்தூர் பக்கம் போனாலும் கீற்றும் புல்லும் போன இடங்களில் பாதிக்கு இதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறது. குரங்கு ஓட்டைப் பிரிக்கிறது, கீற்று இரண்டு வருடத்தில் மக்கிப்போகிறது, தளம் போடக் காசு இல்லை. ஷீட் போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். யாரையும் குறை சொல்ல முடியாத கணக்கு.

அந்த ஷீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சிமெண்ட் என்பார்கள். பெரும்பகுதி சிமெண்ட்தான். எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பாறையிலிருந்து எடுக்கும் கனிமம், ஆனால் பஞ்சைப் போல நாராகப் பிரியும். தீயில் வேகாது, அமிலத்துக்கு எளிதில் அசையாது, இழுத்தால் அறாது. சிமெண்டைப் பிடித்து நிறுத்த இதைவிட மலிவான நார் அந்தக் காலத்தில் கிடைக்கவில்லை. சந்தவாசல் அன்றைக்கு வட ஆற்காடு மாவட்டம். அதே மாவட்டத்தின் அரக்கோணத்தில் 1960-களிலேயே கல்நார் சிமெண்ட் ஷீட் ஆலை வந்துவிட்டது. கோவை போத்தனூரில் அதற்கும் முன்பு.

கூரை கண்ணுக்குத் தெரிகிற விஷயம். அதைவிடச் சிக்கலானது தரை. பழைய அலுவலகங்கள், ஆய்வகங்கள், இயந்திர அறைகள் சிலவற்றில் சிமெண்ட் தரைக்கு மேல் சதுரம் சதுரமாக பிளாஸ்டிக் ஓடு ஒட்டியிருக்கும். மங்கிய பச்சை, காவி, கறுப்பில் வெள்ளைக் கீற்று ஓடியது. ஓரம் தூக்கிக்கொண்டு, மேஜைக்கால் பதிந்து, நாற்பது ஐம்பது வருடமாகக் கிடக்கும். வினைல் தரை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு இந்த ஓடுகளுக்கு வகுத்த தர எண் ஐ.எஸ். 3461. அதன் தலைப்பிலேயே 'பி.வி.சி. ஆஸ்பெஸ்டாஸ் தரை ஓடுகள்' என்று இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த ஏதோ பழைய கதை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கல்நார் கலந்த வினைல் ஓடு இங்கே தரம் வகுத்துச் செய்யப்பட்ட பொருள். எந்தெந்தக் கட்டடத்தில் போட்டோம் என்ற பட்டியலை மட்டும் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு பழைய ஓட்டில் கல்நார் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் சொல்ல வேண்டியது, பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் சில அடையாளங்கள் சொல்வார்கள். ஒன்பது அங்குலச் சதுரமாக இருந்தால், 1980-களுக்கு முன் ஒட்டியதாக இருந்தால், அடியில் தார் போன்ற கறுப்புப் பசை இருந்தால், வளைத்தால் வளையாமல் பிஸ்கட் மாதிரி ஒடிந்தால் சந்தேகப்படு என்பார்கள். இவை சந்தேகிக்க உதவும், முடிவு சொல்ல உதவாது. பன்னிரண்டு அங்குல ஓட்டிலும் கல்நார் இருந்திருக்கிறது. ஓட்டில் இல்லாமல் அடியில் இருக்கும் கறுப்புப் பசையில் மட்டும் இருந்ததும் உண்டு. நம் ஊரில் இன்னொரு யோசனை சொல்வார்கள்: தீயில் காட்டிப் பாருங்கள், எரியாவிட்டால் கல்நார் என்று. அந்த ஓட்டில் பாதிக்குமேல் சுண்ணாம்புக்கல் தூள், அதுவும் எரியாது. ஷீட்டில் சிமெண்ட், அதுவும் எரியாது. இந்தச் சோதனையால் கிடைக்கப்போவது பி.வி.சி. புகை மட்டும்தான்.

உறுதியான வழி ஆய்வகம். அங்கே முதலில் தளமுனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கியால் பார்ப்பார்கள். கல்நார் இழைக்கு ஒளியை முறிக்கும் தனிக் குணம் உண்டு. தகுந்த திரவத்தில் அமிழ்த்தினால் வகைக்கு ஒரு நிறம் காட்டும். வெள்ளைக் கல்நார், பழுப்பு, நீலம் எல்லாவற்றையும் அதை வைத்தே பிரித்துச் சொல்லிவிடலாம். கூரை ஷீட்டுக்கு இது போதும், அதில் இழை பெரிதாகவே தெரியும். வினைல் ஓடு அப்படி இல்லை. அதில் போட்ட நார் மிகச் சன்னமாக அரைத்தது, பிளாஸ்டிக்குக்குள் புதைந்தது. சாதாரண நுண்ணோக்கியில் 'இல்லை' என்று வந்தால் அதை நம்பிவிடக் கூடாது. பிளாஸ்டிக்கை உலையில் எரித்து, சுண்ணாம்பை அமிலத்தில் கரைத்து, மிஞ்சியதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது கல்நார்ப் பொருள். அந்தக் காலத்து வினைல் ஓடுகளில் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை இருந்தது.

மாதிரி எடுப்பதிலும் பக்குவம் வேண்டும். பீரோவுக்கு அடியில், கதவு மூலையில், ஏற்கெனவே பெயர்ந்து கிடக்கும் துண்டு இருந்தால் அதுவே போதும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மின்விசிறியை நிறுத்தி, கட்டைவிரல் நகமளவு துண்டு, அடிப்பசையும் ஒட்டியிருக்கும்படி. இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, எடுத்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் போட்டுவிட வேண்டும். அறைக்கு அறை ஓட்டின் நிறம் மாறினால் ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி. ட்ரில்லிங் மெஷின் பக்கமே போகக் கூடாது.

கூரைக்கு இவ்வளவு பாடு இல்லை. நம் ஊரில் பத்து வருடத்துக்கு முன் போட்ட, வளைவுள்ள சாம்பல் சிமெண்ட் ஷீட் என்றால் வேறு ஆதாரம் கிடைக்கும்வரை கல்நார் என்றே எடுத்துக்கொள்ளலாம். புதிய ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். அதன் மேல் ஒரு எண் இருக்கும். ஐ.எஸ். 459 என்றிருந்தால் அது கல்நார் சிமெண்ட் ஷீட்டுக்கான தரம். கல்நார் இல்லாத நார் சிமெண்ட் ஷீட்டும் இப்போது கடையில் கிடைக்கிறது, விலை கூடுதல். கடைக்காரர் சொல்வதைவிட அந்த எண் நேர்மையானது.

இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கல்நாரின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நோயை ஒழிக்கச் சிறந்த வழி கல்நார்ப் பயன்பாட்டையே நிறுத்துவதுதான் என்று அந்த நிறுவனம் 2006-இல் சொன்னது. இழை தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. மூச்சில் போனால் நுரையீரலின் கடைசி அறைவரை இறங்கும், உடலால் அதைக் கரைக்கவும் முடியாது, துப்பவும் முடியாது. வருடக்கணக்கில் அதிகம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். நுரையீரல் புற்றுநோய் வரும். பீடி சிகரெட் பழக்கமும் இருந்தால் ஆபத்து பலமடங்கு. நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் கல்நாரால் வருவது. இவை வெளியே தெரிய இருபது முதல் ஐம்பது வருடம் ஆகும்.

விஷயமே அந்த இருபது முதல் ஐம்பது வருடத்தில்தான் இருக்கிறது. இருபது வயதில் ஷீட் அறுத்தவருக்கு அறுபதில் மூச்சிரைத்தால், சந்தவாசலில் யார் அதையும் இதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்? வயசாச்சு, பீடி குடிச்சார், தூசி ஒத்துக்கலை. இருமலோடு போனால் முதலில் காசநோய்க்குத்தான் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. 'உங்களுக்கு வேலை என்ன, எதை அறுத்தீர்கள், எதை உடைத்தீர்கள்' என்ற கேள்வி நம் நோயாளிச் சீட்டில் இல்லை. நோய் எண்ணிக்கையில் வராததால் நோயே இல்லை என்று வாதாட வசதியாகப் போய்விடுகிறது.

அதேசமயம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு ஷீட்டை இறக்கக் கிளம்பினால் அதைவிடத் தவறான காரியம் வேறில்லை. உடையாத ஷீட், பெயராத ஓடு ஆகியவற்றிலிருந்து வரும் ஆபத்து குறைவு. நார் சிமெண்டுக்குள்ளோ பிளாஸ்டிக்குக்குள்ளோ கட்டுண்டு கிடக்கிறது. ஆலைக்காரர்கள் சொல்லும் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அவர்கள் சொல்லாமல் விடுவது, எந்தக் கூரையும் அப்படியே இருந்துவிடுவதில்லை என்பதை. ஜே போல்ட்டுக்கு ஓட்டை போடும்போது, முகட்டுக்கு அளவெடுத்து கட்டிங் மெஷினால் அறுக்கும்போது, பாசி பிடித்ததென்று கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும்போது, தேங்காய் விழும்போது, குரங்கு குதிக்கும்போது அது தூளாகிறது. அறுக்கிறவரின் மூக்கில் கட்டிய துண்டு இந்த இழையைத் தடுக்காது. அறுத்த தூளை சாயங்காலம் விளக்குமாற்றால் பெருக்குவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள்.

உடைந்த ஷீட்டுக்கு நம் ஊரில் ஆயுள் முடிவதே இல்லை. பாதி ஷீட் கோழிக்கூட்டுக்கு, கால் ஷீட் குளிக்கும் மறைப்புக்கு, துண்டுகள் சாக்கடை மேல் மூடியாக, மிச்சம் மழைக்காலத்தில் தெருக்குழிக்கு. தெருக்குழியில் போட்டதை டிராக்டர் அரைக்கும். 2018-இல் கஜா புயல் டெல்டாவில் வீசி ஓய்ந்தபின், விழுந்த தென்னைகளை எண்ணினோம். தூள்தூளாகக் கிடந்த ஷீட்டுகளைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் பேச நேரமில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கூரை பரவியதில் நல்லெண்ணத்துக்கும் பங்கு உண்டு. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக்கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு பள்ளிகளில் கீற்றை அகற்ற உத்தரவு வந்தது, வர வேண்டியதுதான். கீற்று இறங்கிய பல இடங்களில் ஏறியது ஷீட். தீக்குப் பயந்த மனசுக்கு, தீயே பிடிக்காத பொருள் ஆறுதலாக இருந்திருக்கும். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபோது, மாநிலம் முழுக்கச் சிதிலமடைந்த பள்ளிக் கட்டடங்களை அடையாளம் கண்டு இடிக்கச் சொன்னார்கள். அதுவும் சரியே. சுவர் நிற்குமா விழுமா என்று பொறியாளர்கள் பார்த்தார்கள். கூரையிலும் தரையிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அந்த வேலையின் பகுதியாகவே கருதப்படவில்லை. பொக்லைன் வந்தது, இடித்தது, லாரி அள்ளியது. பக்கத்து வகுப்பறையில் பாடம் நடந்துகொண்டிருந்திருக்கும்.

அரசுக்குத் தெரியாத விஷயமா இது? கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைகளுக்குப் பதிலாகக் கட்டும் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். மீதிக்கு வேறு தீப்பிடிக்காத கூரை போடலாம், ஆனால் ஓலையோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ கூடாது என்று விதியே இருக்கிறது. புது வீட்டுக்குக் கூடாது என்று தெரிந்த பொருள், பழைய வீட்டின் மேல், பழைய பள்ளியின் மேல், சத்துணவுக் கூடத்தின் மேல் இருக்கிறதா என்று கேட்க மட்டும் எந்தத் துறையும் இல்லை. கேரளத்தில் 2009-இலேயே மாநில மனித உரிமை ஆணையம் பள்ளிகளின் கல்நார்க் கூரைகளை மாற்றச் சொன்னது.

கேட்காததற்கு ஒரு சாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவம். வீட்டின் கூரை எதனால் ஆனது என்று 2011 கணக்கெடுப்புக்காக வீடு வீடாகக் கேட்டார்கள். தகரம், உலோகம், கல்நார் ஷீட் எல்லாம் ஒரே குறியீட்டில். நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ 16 சதவீதம் அந்தக் கட்டத்துக்குள் விழுந்தது. அதில் எத்தனை தகரம், எத்தனை கல்நார் என்று பிரிக்க வழியில்லை. ஒரு எண்ணைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால் சந்தவாசல் ஊராட்சிவரை கணக்கு கையில் இருந்திருக்கும்.

சட்டமும் இப்படிப் பாதி வழியில் நிற்கிறது. கல்நார் வெட்டியெடுக்கப் புதிய குத்தகை தருவதை மத்திய அரசு 1986-இல் நிறுத்தியது, 1993-இல் புதுப்பிப்பதையும் நிறுத்தியது. நம் சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் டன், சில வருடங்களில் அதற்கும் மேலே, இறக்குமதி ஆகிறது. உலகில் அதிகம் வாங்கும் நாடு நாம்தான். 1995 ஜனவரியில், அகமதாபாதின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. கல்நார் ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் எவ்வளவு மெதுவாக வரும் என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு. ஆனால் அதன் கண் ஆலையின் மேல் இருந்தது. ஆலைக் கேட்டைத் தாண்டி ஷீட் வெளியே வந்தபின் அதை அறுப்பவர், மேலேறி மாட்டுபவர், இருபது வருடம் கழித்து உடைப்பவர் ஆகியோருக்குப் பதிவேடு எங்கே? 2011-இல் முழுத் தடை கேட்டு வந்த வழக்கை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை.

கழிவு விஷயத்தில் இந்த முரண் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் கல்நார் ஆலையில் மிஞ்சும் கல்நாரும் தூளும் அபாயகரக் கழிவு. அதைப் பாதுகாப்பாகப் புதைக்கக் கும்மிடிப்பூண்டியில் இடம் இருக்கிறது. அதே ஆலையின் ஷீட், சந்தவாசலில் ஒரு வீட்டின் புழக்கடையில் உடைந்து கிடந்தால் அதை அள்ள ஆள் கிடையாது. வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டிக்கு லாரி பிடிக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் சொல்ல முடியும்?

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. கனடா தன் வீடுகளில் கல்நாரைப் பயந்து ஒதுக்கிக்கொண்டே, கியூபெக் மாகாணச் சுரங்கத்திலிருந்து நமக்குக் கப்பல் ஏற்றியது. 2018-இல்தான் தடை போட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்திருந்த சுரங்க ஊர், 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. இலங்கை 2018 தொடக்கத்திலிருந்து கல்நார் இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, 2017 டிசம்பரில் ரஷ்யா ஒரு வண்டு கண்டெடுத்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கைக்குக் கல்நாரைப் பெருமளவில் விற்பது ரஷ்யாதான். சில நாட்களில் தடை யோசனை தள்ளிப்போனது, தேயிலைக்கும் வழி திறந்தது. மலையகத் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்து தராசின் ஒரு தட்டில், அந்தத் தீவின் கூரைகளுக்குக் கீழே மூச்சுவிடுகிறவர்கள் மறு தட்டில். ஆபத்தான பொருளை வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பது ரோட்டர்டாம் உடன்படிக்கை. வெள்ளைக் கல்நாரை அந்தப் பட்டியலில் சேர்க்க 2011-இல் ஜெனீவாவில் ஆதரவு தெரிவித்த இந்தியா, 2013-இல் எதிர்ப்பவர்கள் வரிசைக்குப் போய்விட்டது. தடைகூட இல்லை அது, வெறும் தகவல். அதற்கும் மறுப்பு.

ஆனால் 'உடைப்பதற்கு முன் தெரிந்துகொள்' என்பதை மட்டும் பல நாடுகள் சட்டமாக்கிவிட்டன. அமெரிக்கா 1986-இல் பள்ளிகளுக்கென்றே சட்டம் செய்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் கட்டடத்தில் கல்நார் எங்கே இருக்கிறது என்று ஆய்வுசெய்து, ஏட்டில் எழுதி, பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். எடுத்துவிடு என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்து வைத்துக்கொள், கவனித்துக்கொள் என்றது. சிங்கப்பூரில் 1991-க்கு முன் கட்டிய கட்டடத்தை இடிக்கவோ புதுப்பிக்கவோ தொடங்குமுன், தகுதி பெற்றவர் கல்நார் ஆய்வு செய்தாக வேண்டும். அங்கே கட்டட வேலைக்குப் போன நம் ஊர் இளைஞர்கள் அந்த விதிக்கு உட்பட்டு வேலை பார்க்கிறார்கள். அதே கைகள் ஊருக்கு வந்து, அதே மாதிரி ஷீட்டை, வெறும் கையால் பிய்த்துத் தரையில் வீசும். நுரையீரல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தெரியாமல் உடைக்க மாட்டோம் என்று நாமே ஒருமுறை சொல்லியிருக்கிறோம். பிரான்ஸின் கிளெமன்சோ என்ற போர்க்கப்பலை உடைக்கக் குஜராத்தின் அலாங்குக்கு அனுப்பியபோது, அதில் எவ்வளவு கல்நார் மிச்சம் என்பதே தகராறு. பிரான்ஸ் சொன்ன கணக்கு ஒன்று, கல்நார் நீக்கும் வேலை பார்த்த நிறுவனம் சொன்னது பல மடங்கு. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, கடைசியில் 2006 பிப்ரவரியில் பிரான்ஸ் கப்பலைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அயல்நாட்டுக் கப்பலிடம் கேட்ட அந்தக் கேள்வியை, நம் வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய கட்டடத்திடம் நாம் கேட்பதில்லை.

ஏழைக்கு மலிவான கூரை கிடைப்பதைத் தடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். நேபாளம் நம்மைவிடப் பணக்கார நாடு இல்லை, 2015-இல் தடைசெய்துவிட்டது. ஆனாலும் முழுத் தடையைப் பற்றி இங்கே நான் வாதாடவில்லை. நாளைக்கே தடை வந்தாலும் ஏற்கெனவே தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருப்பது இன்னும் நாற்பது வருடம் நம்மோடு இருக்கும். அதற்கு வழி பண்ண வேண்டும். அந்த வழி 'இதில் கல்நார் இருக்கிறதா' என்ற கேள்வியில் தொடங்குகிறது. கேள்வியைக் கூலிக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் விட்டுவைக்க முடியாது. ஒரு துண்டு ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தவாசல்காரர் எந்த ஊர் ஆய்வகத்துக்குப் போவார், எவ்வளவு கொடுப்பார்?

வீடுகளை விட்டுவிட்டுப் பொதுக் கட்டடத்திலிருந்து தொடங்கலாம். பள்ளி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம். கூரை ஷீட்டா, தரையில் பழைய வினைல் ஓடா என்று பார்த்து எழுத ஊராட்சிச் செயலருக்கு ஒரு நாள் போதும். ஷீட்டுக்குச் சோதனைகூட வேண்டாம், கல்நார் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடலாம். சந்தேகமான ஓட்டுக்கு மட்டும் மாதிரி. அவற்றை மாவட்டவாரியாகச் சேர்த்து அனுப்பி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வகங்களில் ஒன்றிரண்டுக்கு இதற்கான கருவியும் பயிற்சியும் கொடுத்தால் சமாளிக்கலாம். பெயராத வினைல் ஓட்டைப் பெயர்க்கவே வேண்டாம். மேலேயே புதுத் தரை போட்டுவிடலாம், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு இருக்கலாம். உரசி மெருகேற்றுவதும் கறுப்புப் பசையைச் சுரண்டுவதும்தான் கூடாது. ஆரணி, போளூர் பக்கத்து அரிசி ஆலைகளின் பழைய கொதிகலன்களில் சுற்றிய கல்நார்க் கயிற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இடிக்கும் வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது ஆய்வு அறிக்கை இணைக்கப்பட வேண்டும். ஒன்றியத்துக்கு ஓர் இடத்தில் உடைந்த ஷீட்டைச் சேகரித்து, மூடிக் கட்டி, மாதம் ஒருமுறை கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிற ஏற்பாடு வேண்டும். செலவை ஷீட் விற்பவர்களிடம் வசூலிக்கலாம், பிளாஸ்டிக் விற்பவர்களிடம் அந்தப் பொறுப்பை ஏற்கெனவே சுமத்தியிருக்கிறோம். அடுத்தது கூலி. ஷீட்டை இறக்குவதற்கு அரசு வேலைகளில் விலை விகிதம் இருக்கிறது. அதில் போல்ட்டை நனைத்துக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்கி, தார்ப்பாயில் சுற்றிக் கட்டித் தருவதற்கென்று தனி விகிதம் ஒன்றைச் சேர்க்க வேண்டும், வேலையாளுக்கு உரிய முகக்கவசத்தின் விலையோடு. அந்த விகிதம் பட்டியலில் ஏறிவிட்டால், தண்ணீர்க் குடத்தோடும் தார்ப்பாயோடும் ஒப்பந்ததாரரே முதல் ஆளாக வந்து நிற்பார்.